ஒட்டோமான் பேரரசால் போர்ச்சுகீசியரை இந்தியப் பெருங்கடலிலிருந்து ஏன் விரட்ட முடியவில்லை?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போல. கேள்விக்குக் கீழே "பீரி ரெய்ஸ் பணத்தாசையில் கடற்படையைக் கைவிட்டு ஓடியதாலா?" என்று அந்த ஒட்டோமான் கடற்படைத் தளபதியைப் பற்றிச் சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மஸ்கட்டில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். பழைய துறைமுகத்தின் இரு பக்கமும் ஜலாலி, மிரானி கோட்டைகள் நிற்கும். ஒட்டோமான் துருக்கியர் 1552லும் 1581லும் வந்து ஊரைச் சூறையாடிய பிறகு போர்ச்சுகீசியர் கட்டி முடித்தவை. அந்த 1552இல் வந்தவர்தான் பீரி ரெய்ஸ். மஸ்கட்டைப் பிடித்தார், பாரசீக வளைகுடா வாசலில் போர்ச்சுகீசியர் வைத்திருந்த ஹோர்முஸ் கோட்டை விழவில்லை, வளைகுடாவின் உள்முனையில் துருக்கியர் கையிலிருந்த பஸ்ராவுக்கு ஒதுங்கினார். போர்ச்சுகீசியக் கப்பல்கள் வழியை அடைத்துவிடும் என்று சில கப்பல்களோடு, செங்கடல் முனையில் துருக்கியரின் கடற்படைத் தளமான சூயஸ் திரும்பினார். கெய்ரோவில் தலையை எடுத்துவிட்டார்கள். கொள்ளைப் பொருளும் கொண்டுவந்தார், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் சூயஸில் கப்பல் கட்ட மரமே கிடையாது. அனத்தோலியாவிலிருந்து எகிப்துக்குக் கடல்வழியாக வந்து, அப்புறம் பாலைவனம் தாண்டி ஒட்டகத்தில் வரவேண்டும். அப்படிக் கட்டியதும் துடுப்புக் கப்பல். செங்கடலுக்குச் சரி, பருவக்காற்றடிக்கும் திறந்த கடலுக்கு ஆகாது. மிச்சக் கப்பல்களை பஸ்ராவிலிருந்து மீட்கப் போன சைதி அலி ரெய்ஸ் என்ற தளபதி 1554இல் மஸ்கட் அருகே அடிவாங்கி, புயலில் குஜராத்தில் ஒதுங்கி, டெல்லி வழியாகத் தரைமார்க்கமாக ஊர் திரும்பினார். அவருக்கும் பணத்தாசையா?

எங்கள் பட்டறையிலும் இதே கதைதான். ஓர் இழுவைக் கப்பலுக்கு பேரிங் வேண்டும் என்று மெயில் மேல் மெயில் போட்டேன், தலைமை அலுவலகம் அசையவில்லை. கப்பல் தாமதமானதும் பிடித்தம் என் சம்பளத்தில். பணிக்கொடையிலும் கை வைத்தார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, அதை விடுங்கள்.

துருக்கியருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் கிளம்ப வேண்டாம். 1538இல் குஜராத்தில் போர்ச்சுகீசியர் வைத்திருந்த தியூ கோட்டையை முற்றுகையிடப் போகும் வழியில் துருக்கியத் தளபதி சுலைமான் பாஷா ஏடன் ஆட்சியாளரைத் தூக்கில் போட்டார், அதைக் கேள்விப்பட்ட குஜராத்திகள் மிரண்டு உதவியை நிறுத்தினார்கள், முற்றுகை போச்சு. அது முழுக்க அவர்கள் தலையில் அவர்களே போட்டுக்கொண்ட மண். ஆனால் போர்ச்சுகீசியரும் செங்கடல் பக்கம் போய் 1513இல் ஏடனில், 1517இல் ஜெத்தாவில், 1541இல் சூயஸில் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். நூற்றாண்டின் நடுவில் மிளகு மறுபடி செங்கடல் வழியே போக ஆரம்பித்துவிட்டது. அப்படியிருக்க யார் தோற்றார் என்கிறீர்கள்?

இன்னொன்று. பீரி ரெய்ஸ் 1513இல் வரைந்த வரைபடத்தில் அண்டார்டிகா இருக்கிறது, வேற்றுகிரகவாசிகள் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யூடியூபில் அளக்கிறார்கள். கொலம்பஸின் வரைபடமும் போர்ச்சுகீசிய வரைபடங்களும் பார்த்து வரைந்தேன் என்று அந்த மனிதரே அதிலேயே எழுதி வைத்திருக்கிறார். தயவுசெய்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதீர்கள்.