காயலான் கடையில் வாங்கிய 454 பிக் பிளாக் என்ஜினில் எந்தப் பாகத்தை மாற்றினால் எத்தனை குதிரைத்திறன் கூடும்?

மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்த்தொகுதி) இத்தனை, கேம்ஷாஃப்டுக்கு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இத்தனை என்று மளிகைக் கடைச் சீட்டு போல ஒரு பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி ஒரு சீட்டோடுதான் இறங்கினேன். மூன்று வார இறுதிகளை டைனோ (என்ஜின் சக்தியை அளக்கும் கருவி) அறையில் கழித்தபின் அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் இருப்பது மிச்சிகனில். பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்திவைத்து, வேண்டிய பாகத்தை நீங்களே கழற்றிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும் யார்டுகள் இங்கே நிறைய உண்டு. அப்படி ஓர் இடத்தில், துருவேறிய ஷெவர்லே பிக்கப் ஒன்றில் இந்த என்ஜின் கிடந்தது. 1991-க்கும் 1995-க்கும் இடையில் வந்த 454 கன அங்குலம், அதாவது 7.4 லிட்டர், எட்டு சிலிண்டர், ஷெவர்லேயின் பெரிய ரகமான பிக் பிளாக். ஒரு சிலிண்டரே ஏறக்குறைய 930 சிசி. மாருதி 800-இன் முழு என்ஜினும் சேர்ந்து 796 சிசிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இத்தனை பெரிய உடம்புக்கு நிறுவனம் சொன்ன சக்தி 230 குதிரைத்திறன். முறுக்குவிசை மட்டும் 385 பவுண்டு-அடி, அதுவும் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே. பாரம் இழுக்கச் செய்த என்ஜின். ஓடச் செய்தது அல்ல.

வாங்குமுன் பெரிய பரிசோதனை எதுவும் செய்யவில்லை. ஸ்பார்க் பிளக் எட்டையும் கழற்றிப் பார்த்தேன், எண்ணெயில் தண்ணீர் கலந்து வெளுத்திருக்கிறதா என்று பார்த்தேன், கிராங்க்கை நீண்ட கம்பி போட்டுச் சுற்றினேன். சிக்காமல் சுற்றியது. போதும் என்று எடுத்துவிட்டேன்.

"1970-இல் இதே 454 தானே 450 குதிரைத்திறன் கொடுத்தது?" என்று சிலர் கேட்பார்கள். அந்த 450 எல்எஸ்6 என்ற தனி ரகத்துக்கு. அதோடு, அந்தக் காலத்து எண்கள் காற்று வடிகட்டி, சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் வெறும் என்ஜினை அளந்து சொன்னவை. 1972 முதல் வண்டியில் இருப்பது போலவே எல்லாவற்றையும் பூட்டி அளந்த கணக்கு வந்தது. கார்வெட் காரில் வந்த எல்எஸ்5 என்ற இன்னொரு 454 ரகம் 1971-இல் 365, 1972-இல் 270. என்ஜின் பெரிதாக இளைக்கவில்லை, முக்கியமாகத் தராசுதான் மாறியது. டைனோ எண்களைப் படிக்கும்போது இதை மறக்காதீர்கள். டைனோவில் வெறும் என்ஜின் காட்டும் எண்ணை நிறுவனத்தின் 230-உடன் நேராக ஒப்பிட முடியாது.

அண்டை வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற மெஷினிஸ்ட். அவருக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் தண்ணீர் பிரேக் டைனோ இருந்தது. அது நேரடியாக அளப்பது முறுக்குவிசையை மட்டுமே. அதைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். கணினி இயக்கும் எரிபொருள் தெளிப்பானை எடுத்துவிட்டு, பழைய மேனிஃபோல்டின் மேலேயே ஓர் அடாப்டர் வைத்து 750 கார்புரேட்டரை (நிமிடத்துக்கு 750 கன அடி காற்று விடுவது) பூட்டினோம். முதல் ஓட்டத்தில் 262, 4,000 சுற்றில். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி மொத்த டைமிங்கை (தீப்பொறி எவ்வளவு முன்கூட்டியே விழுகிறது என்பதை) 30-லிருந்து 35 டிகிரிக்குக் கொண்டுபோனதில் 9 கூடியது. செலவு இல்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான். வார்ப்பிரும்புப் புகைக்குழாய்களை எடுத்துவிட்டு ஹெடர் என்ற நீளப் புகைக்குழாய்களைப் போட்டதில் இன்னும் 14.

அடுத்து உயரமான அலுமினிய மேனிஃபோல்டு. மாலையில் பூட்டி ஓட்டினோம்: மீண்டும் 14 கூடியது. எனக்கு ஒரே பூரிப்பு, வீட்டுக்குப் படம்கூட அனுப்பிவிட்டேன். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "பழையதைத் திரும்பப் போடு" என்றார். மறுபடியும் கேஸ்கட், மறுபடியும் இரண்டு மணி நேரம். நான் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன். பழைய மேனிஃபோல்டும் 9 கூடுதலாகக் காட்டியது!

குற்றவாளி எண்ணெய். காலையில் எண்ணெய் சரியாகச் சூடேறுமுன் ஓட்டியிருக்கிறோம். மாலையில் அது நன்றாகச் சூடாகி இளகியிருந்தது. காற்றின் அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கு டைனோவின் கணினி திருத்தம் போடும். எண்ணெயின் சூட்டுக்குப் போடாது. என் மேனிஃபோல்டின் உண்மையான பங்கு 5 மட்டுமே. அன்றிலிருந்து தண்ணீரும் எண்ணெயும் ஒரே சூட்டில் இருக்கும்போது மட்டும் ஓட்டம், ஒவ்வோர் அமைப்புக்கும் மூன்று ஓட்டம், முக்கியமான பாகமென்றால் பழையதைத் திரும்பப் பூட்டி இன்னொரு முறை. வீடியோக்களில் ஒரே மூச்சில் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போகிறவர்கள் இந்தக் கடைசி வேலையைச் செய்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் செய்வதில்லை.

பிறகு கேம்ஷாஃப்ட். கொஞ்சம் பெரியதாக ஒன்று, அதனுடன் புதிய வால்வு ஸ்பிரிங்குகள். இந்த ஆண்டுகளில் வந்த பிக்கப் என்ஜின்களில், கேமின் மேல் உட்காரும் லிஃப்டர் தட்டை அடி கொண்டது, உருளை கிடையாது. புதிய கேம் போட்டவுடன் துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய் ஊற்றி, முதல் இருபது நிமிடமாவது 2,000 சுற்றுக்குக் கீழே விடாமல் ஓட்ட வேண்டும். சும்மா ஐடிலில் விட்டால் கேம் தேய்ந்து எண்ணெயில் இரும்புத் தூள் மின்னும். பட்டறையில் அப்படி உருண்டையாகிப்போன ஒரு கேமைக் கண்ணெதிரே காட்டினார்கள். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களும் இந்தத் தலைமுறையில் சரிசெய்ய முடியாதவை. அதற்கான மாற்று பாகங்களையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து 335, 4,600 சுற்றில். அதற்கு மேல் கோடு மேலே போகவே மறுத்தது.

காரணம் சிலிண்டர் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் பகுதி. இந்தப் பிக்கப் ஹெட்டின் காற்றுத் துளைகள் சிறியவை. இங்கே அவற்றை வேர்க்கடலைத் துளை என்றே கேலியாக அழைக்கிறார்கள். சிறிய துளையில் காற்று வேகமாகப் போகும், அதனால் குறைந்த சுற்றில் இழுவை நன்றாக இருக்கும். 7.4 லிட்டரும் வேகமாக மூச்சு வாங்கும்போது அதே துளை கழுத்தைப் பிடிக்கும். பெரிய நீள்வட்டத் துளை கொண்ட அலுமினிய ஹெட்டுகளை மாற்றினோம். எரியறை சிறியது என்பதால், 8-க்கும் குறைவாக இருந்த கம்ப்ரஷனும் (கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற விகிதம்) கொஞ்சம் ஏறியது. 420, 5,200 சுற்றில், முறுக்குவிசை 490.

இனிதான் உங்கள் கேள்விக்குப் பதில். இந்த நிலையில், பெரியவர் சொல்லாமலே நான் பழைய மேனிஃபோல்டைத் திரும்பப் பூட்டினேன். 420 சரிந்து 389 ஆனது. முதலில் வெறும் 5 கொடுத்த அதே அலுமினிய மேனிஃபோல்டின் மதிப்பு இப்போது 31. பழையதன் துளைகள் புதிய ஹெட்டுடன் சரியாகப் பொருந்தாததும் இதில் சேர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், வாசலில் ஒரே கதவு பாதி மூடியிருக்கும்போது உள்ளே எத்தனை அறையைத் திறந்து என்ன? ஹெட்டுக்குக் கொடுத்த பணத்தைத் தள்ளிப்போட்டு, மலிவாகக் கிடைக்கிறதே என்று மேனிஃபோல்டும் கார்புரேட்டரும் முதலில் வாங்கியது என் தவறு.

நீங்கள் இந்த ஹெட்டோடேயே பாரம் இழுக்கப் போகிறீர்கள் என்றால் டைமிங், ஹெடர் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். வேகம் வேண்டுமென்றால் முதலில் வால்வு கவரைக் கழற்றி, ராக்கர்களுக்கு இடையே ஹெட்டில் வார்த்திருக்கும் எண்ணைப் படித்துக் கீழே எழுதுங்கள். 1991-க்கு முந்தைய ஹெட்டாக இருந்து உங்கள் பிளாக் என்னுடையது போன்ற ஐந்தாம் தலைமுறையாக இருந்தால், தண்ணீர்த் துளைகள் அப்படியே பொருந்தாது. கேஸ்கட் வாங்குமுன் அதைத்தான் முதலில் பேச வேண்டும்.