சாவி வாங்கும் முன் குளியலறையில் தண்ணீர் தேக்குங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாங்கிய ஃபிளாட்டுக்கு அடுத்த வாரம் சாவி, பில்டர் கையெழுத்துக்கு அவசரப்படுத்துகிறார், எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள் சார்.

முதலில் குளியலறை. தண்ணீர் போகும் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தேக்கி, 24 மணி நேரம் விடுங்கள். மறுநாள் கீழ்வீட்டு சீலிங்கையும் பக்கத்து அறைச் சுவரின் அடியையும் தடவிப் பாருங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் விட்டோம். குடிவந்த மூன்றாம் மாதமே படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்பளித்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. இன்றும் அந்தச் சுவரைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள்; பொத்தென்று கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை. உப்புக்காற்று ஊர் என்பதால் பால்கனியின் அடிப்பக்கத்தில் துருக்கறை தெரிகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சின் டெஸ்ட் பட்டன்; அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும்.

குறைகளைப் படத்தோடு பில்டருக்கு மெயிலில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவான கட்டடம் என்றால், 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, சாவி தந்த 5 ஆண்டுக்குள் நீங்கள் சுட்டிக்காட்டும் கட்டுமானக் குறையை 30 நாளில் இலவசமாகச் சரிசெய்வது அவர் பொறுப்பு.

சரி, தண்ணீர் தேக்கும் விஷயத்தைக் கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.