கோல்ஃப் வெட்ஜ் மணலைத் தோண்டுகிறதா? வாங்கும் முன் அரியமான் கடற்கரைக்கு ஒரு நடை

கேள்வி: அண்ணே, துபாயில் வேலை பார்த்தபோது கம்பெனி ஆட்களோடு சேர்ந்து கோல்ஃப் பழகினேன். இப்போது உச்சிப்புளி பக்கம் சொந்த ஊரிலேயே இருக்கிறேன். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை கொடைக்கானலிலும் பெங்களூரிலும் நண்பர்களோடு ஆடுவதுண்டு. செட்டில் வந்த பிட்சிங் வெட்ஜ் (பந்தைக் கிட்டத்தில் உயரத் தூக்கி அடிக்கும் குச்சி) 44 டிகிரி. அதற்கு அடுத்து தனியாக வாங்கிய 56 மட்டும்தான். பங்கரில், அதாவது மைதானத்து மணல் குழியில், அது மணலுக்குள் புதைந்து நின்றுவிடுகிறது, பந்து வெளியே வருவதில்லை. 52-ம் 60-ம் வாங்கு என்கிறார்கள். இங்கே அடித்துப் பார்த்து வாங்கக் கடை கிடையாது. அப்புறம், அந்த 56 ஒரே மழைக்காலத்தில் செம்பழுப்பாகத் துருப்பிடித்துவிட்டது. போலிச் சரக்கா? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: துருவை முதலில் முடித்துவிடுவோம் தம்பி. படத்தில் தெரிவது குரோம் பூச்சு இல்லாத வெட்ஜ். விற்பவர்கள் அதை ‘ரா’ என்பார்கள். வெறும் கார்பன் இரும்பு, துருப்பிடிக்கட்டும் என்றே பூசாமல் விடுகிறார்கள். வெயிலில் கண் கூசாது என்று சிலருக்கு அது பிடிக்கும். துருவினால் பந்து கூடுதலாகச் சுழலும் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். சுழற்சியைத் தருவது, பந்தைத் தொடும் முகமான ஃபேஸ் சுத்தமாக இருப்பதும், அதில் கீறிய வரிப்பள்ளமான குரூவின் விளிம்பும்தான். உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் வரவேண்டியது நம் ஊரில் ஆறு வாரத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை வைத்துப் போலி என்று சொல்லமுடியாது.

நான் கவலைப்படுவது வெளியே தெரியும் துருவைப் பற்றி அல்ல, ஷாஃப்டுக்குள், அதாவது குச்சியின் தண்டுக்குள், இருப்பதைப் பற்றி. கைப்பிடியான கிரிப்பின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். குச்சியைத் தலைகீழாக வாளியில் போட்டு அலசினால் அதன் வழியே தண்ணீர் இறங்கி, இரும்புக் குழாய் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். நான் கீழக்கரைக்காரன். வளைகுடாவில் ஒரு கிளப்பின் ரிப்பேர் அறையில் பல வருஷம் இருந்தேன். வெளியே பளபளவென்று இருந்த ஷாஃப்ட், வெட்ஜின் தலைக்குச் சற்று மேலே படக்கென்று முறிந்து வந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே தலையை மட்டும் நனையுங்கள். நம் பக்கத்துக் கிணற்று உவர்த் தண்ணீர் வேண்டாம், காவிரித் தண்ணீர் ஒரு சொம்பு போதும். துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை இரண்டு சொட்டு துணியில் தொட்டுத் தேய்த்து வையுங்கள். ஆடப் போகும் முன் ஃபேஸிலிருந்து எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

இப்போது பங்கர் விஷயம். அதே படத்தில் சோலை, அதாவது தலையின் அடிப்பாகத்தை, பெரிதாக்கிப் பார்த்தேன். 56.08 என்று அடித்திருக்கிறது. முதல் எண் லாஃப்ட், ஃபேஸ் சாய்ந்திருக்கும் கோணம். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், அதைத்தான் வாங்குவார்கள். இரண்டாவது எண் பவுன்ஸ். உங்கள் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

பவுன்ஸ் என்றால் பந்து துள்ளுவது இல்லை. வெட்ஜைத் தரையில் நிமிர்த்தி வைத்தால் முன்விளிம்பு கொஞ்சம் உயர்ந்தும், சோலின் பின்பக்கம் தரையைத் தொட்டும் நிற்கும். அந்தச் சரிவின் கோணம்தான் பவுன்ஸ். மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இலையைச் செங்குத்தாக இறக்கினால் வெட்டிக்கொண்டு உள்ளே போகும். அதையே படுக்கவைத்து இழுத்தால் மேல்மண்ணை வழித்துக்கொண்டு வரும். கண்மாயில் ஓட்டாஞ்சில்லை எறிந்து விளையாடியபோதும் இதைத்தான் செய்தோம். சில்லின் முன்பக்கம் கொஞ்சம் தூக்கியிருந்தால் தண்ணீரில் தத்தித் தத்திப் போகும், குப்புறப் போனால் ஒரே முழுக்கு.

4 முதல் 6 டிகிரி வரை குறைந்த பவுன்ஸ், 7 முதல் 10 வரை நடுத்தரம், அதற்கு மேலே அதிகம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும். சோலின் அகலமும், குதிகால் பக்கம் எவ்வளவு இழைத்து எடுத்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் நடத்தையைத் தீர்மானிக்கும். அப்படி இழைப்பதைத்தான் கிரைண்ட் என்கிறார்கள். உங்கள் 8, அதுவும் ஒல்லியான சோல், இறுகிய தரைக்கு நல்லது. பொலபொலவென்ற மணலில் அது குப்புற விழுந்த ஓட்டாஞ்சில்லு.

இதைக் கண்டுபிடித்த கதையும் உங்கள் ஊருக்குப் பொருத்தமானது. ஜீன் சராசென் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1930-களின் தொடக்கத்தில் பங்கரில் திணறிக்கொண்டிருந்தார். விமானம் மேலெழும்போது அதன் வால் தாழ்வதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். குச்சியின் சோலுக்குப் பின்னால் உலோகத்தைப் பற்றவைத்து, இழைத்து, மணலில் அடித்து அடித்துத் திருத்தினார். 1932-ல் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை அந்தக் குச்சியோடுதான் வென்றார். உச்சிப்புளிக் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் கிளம்புவதைத் தினமும் பார்க்கிற உங்களுக்கு நான் இதற்கு மேல் விளக்கவேண்டாம்.

சரி, உடனே பவுன்ஸ் கூடிய வெட்ஜ் ஒன்று வாங்கிவிடலாமா? பொறுங்கள். குற்றம் குச்சி மேலா, கை மேலா என்று பார்க்கவேண்டும். அதற்குக் கடை தேவையில்லை, அரியமான் கடற்கரை போதும்.

விடியற்காலை, கடல் வற்றியிருக்கும் நேரமாகப் போங்கள். சவுக்குத் தோப்பை ஒட்டிய காய்ந்த மணலில், நிற்கும் இடத்திலிருந்து எதிரே நீளமாக ஒரு கோடு கிழியுங்கள். கோடு இரண்டு காலுக்கும் நடுவே வரட்டும். பந்து வேண்டாம். கோட்டை ஒட்டி நகர்ந்து நகர்ந்து பத்து முறை மணலை அடியுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். சோல் எங்கே மணலைத் தொட்டது? ஒவ்வொரு தடமும் கோட்டிலேயே தொடங்கினால் கை சீராக இருக்கிறது. ஒன்று ஒரு சாண் பின்னால், அடுத்தது கோட்டுக்கு முன்னால் என்றிருந்தால் எந்த வெட்ஜ் வாங்கினாலும் பணம் மணலில்தான். அடுத்து ஆழம். நல்ல தடம் தோசைக் கரண்டியால் வழித்தது போல நீளமாக, மேலோட்டமாக இருக்கும். உங்களுடையது நண்டு வளை மாதிரி குழியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனிதான் முக்கியமான சோதனை. ஃபேஸை வானம் பார்க்கத் திருப்பிவைத்து, அப்புறம் கிரிப்பைப் பிடியுங்கள். பிடித்த பிறகு மணிக்கட்டைத் திருப்பினால் அடிக்கும்போது அது பழையபடி மூடிக்கொள்ளும். கையைக் கொஞ்சம் தாழ்த்தி, கிரிப் முன்பக்கம் சாயாமல் நடுவில் இருக்கட்டும். இப்படித் திறந்தாலே சோலின் பின்பக்கம் இன்னும் இறங்கி, பவுன்ஸ் கூடிவிடும். இதே நிலையில் பத்து அடி அடியுங்கள். குழிகள் தடமாக மாறிவிட்டால் உங்களுக்குப் பவுன்ஸ் கூடுதலாக வேண்டும் என்று அர்த்தம். அதுவரை ஃபேஸைத் திறந்து ஆடியே சமாளிக்கலாம், செலவு இல்லை. மாறவில்லை, இன்னும் தோண்டுகிறது என்றால், அடிக்கும் நேரத்தில் கை பந்தைத் தாண்டி முன்னே ஓடுகிறது. அதற்கு மருந்து பயிற்சிதான்.

அங்கிருந்து பத்தடி இறங்கி ஈரமான இறுகிய மணலுக்கு வந்து அதையே திரும்பச் செய்யுங்கள். திறந்த ஃபேஸ் இங்கே டங்கென்று எகிறும். பந்து இருந்தால் முன்விளிம்பு அதன் வயிற்றில் பட்டு, கொடிக்குழி இருக்கும் புல்தரையான கிரீனைத் தாண்டிப் பறந்திருக்கும். மழை பெய்து இறுகிய பங்கர் இப்படித்தான் இருக்கும். பத்தடி தூரத்துக்குள் இரண்டு மைதானத்தின் மணலும் நமக்கு இனாமாகக் கிடைக்கிறது. பெங்களூர்க்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

இரண்டு எச்சரிக்கை. கோடு கிழித்து மணலைத் தட்டிப் பார்ப்பதெல்லாம் பயிற்சியில்தான். ஆட்டத்தின்போது பங்கரில் ஒத்திகை அடியில் மணலைத் தொட்டால் அபராதம் உண்டு. அப்புறம், இந்த வேலையைத் தனுஷ்கோடிப் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள். தை தொடங்கி பங்குனி வரை ஆமைகள் முட்டையிடுகிற மணல் அது. எந்தக் கரையானாலும் கடலைப் பார்த்துப் பந்து அடிக்கவே வேண்டாம். நூறு ரூபாய்ப் பந்து போவது இருக்கட்டும், அந்தப் பிளாஸ்டிக் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடந்து என்ன செய்யும்?

லாஃப்டுக்கு வருவோம். 52-ம் 60-ம் என்று யோசனை சொன்னவர் பழைய கணக்கில் பேசுகிறார். முன்பெல்லாம் பிட்சிங் வெட்ஜ் 48 டிகிரி அளவில் வரும். 48, 52, 56, 60 என்று நான்கு நான்காக ஏறினால் அழகாக இருந்தது. இப்போதைய செட்டுகளில் அது 43, 44 என்று இறங்கிவிட்டது. “என் பிட்சிங் வெட்ஜ் 130 யார்டு போகுது” என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கிறதே! உங்கள் 44-க்கும் 56-க்கும் நடுவே 12 டிகிரி பள்ளம். அதில் 52 வாங்கினால் 44-க்கும் 52-க்கும் நடுவே 8 டிகிரி இடைவெளி அப்படியே நிற்கும். நான்கைந்து டிகிரிக்குப் பத்துப் பன்னிரண்டு யார்டு என்று வைத்தால் அது இருபது யார்டு ஓட்டை. ஆகவே 50 வாங்குங்கள், பவுன்ஸ் 8 ஒட்டி இருக்கட்டும். அதை முழு அடிக்குத்தான் அதிகம் எடுப்பீர்கள், மணலில் அல்ல.

60 வேண்டாம். தொலைக்காட்சியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்களின் 60-ஐ நிறையப் பார்த்திருக்கிறேன். வருஷத்துக்கு நான்கு ஆட்டம் ஆடுகிறவர் கையில் அது பந்துக்கு அடியில் நழுவிப் போய், பந்து காலடியிலேயே தொப்பென்று விழும்.

மணல் சோதனையில் பவுன்ஸ் தேவை என்று தெரிந்தால் இரண்டாவதாக 54, பவுன்ஸ் 12 அல்லது 14, சோல் அகலமானது. அப்போது இருக்கிற 56-ஐ விற்காதீர்கள். நல்ல ரிப்பேர்காரர் அதை வளைத்து 58 ஆக்கித் தருவார். லாஃப்ட் இரண்டு டிகிரி கூடினால் பவுன்ஸும் இரண்டு கூடும். ஆக 58.10. அதற்கு மேல் வளைக்கச் சொல்லவேண்டாம். 44, 50, 54, 58 என்று படிக்கட்டு சரியாக வந்துவிடும். பையில் மொத்தம் 14 குச்சிக்கு மேல் கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போது உங்கள் 56-ஐயும், நீங்கள் வழக்கமாக ஆடும் பந்து அரை டஜனும் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் பச்சை மேட் மேல் அடித்துக் காட்டுவார்கள். வெட்ஜுக்கு மேட் பொய் சொல்லும். பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் அடித்தாலும் சோல் வழுக்கி வந்து பந்தை எடுத்துக் கொடுத்துவிடும், நீங்களும் பிரமாதம் என்று பணத்தைக் கட்டிவிடுவீர்கள். புல்லில் அடிக்க விடுவார்களா என்று கேளுங்கள். கூட வருபவரிடம் சொல்லி எண்களின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டச் சொல்லுங்கள். எண் தெரிந்தால் கை அதற்கேற்ற மாதிரி நடிக்கும். முப்பது யார்டில் ஒரு துண்டைப் போட்டு ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து. மிக நல்ல அடியை விட்டுவிடுங்கள், அது எந்தக் குச்சியிலும் வரும். மோசமான மூன்றும் எவ்வளவு தள்ளிப் போயின என்று பாருங்கள். எதில் அது குறைவோ அதுதான் உங்களுடையது.

பழைய குச்சி வாங்குவதானால் நகத்தை குரூவின் விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். பிடிக்கவேண்டும். நடுவில் நகம் வழுக்கி, ஓரத்தில் மட்டும் பிடித்தால் அது அடித்துத் தேய்ந்தது. நான் ஒருமுறை ‘புதுசு மாதிரி’ என்று ஒருவரிடம் வாங்கி வந்து வெயிலில் பார்த்தால், குரூவைத் திரும்பக் கீறியிருந்தார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழத்தில்! 2010-க்கு முந்தைய மாடல் என்றால் அப்போது மாறிய குரூவ் விதிக்குள் அடங்காமல் போகலாம். நண்பர்களோடு ஆட அது பரவாயில்லை, போட்டிக்குப் போகிறவர் விசாரித்து வாங்கவேண்டும்.

வாங்கி வந்த பிறகு தூரத்தை அளக்கக் கோடையில் வற்றிய கண்மாயை விடச் சிறந்த இடம் இல்லை. கருவேல மரம் இல்லாத, ஆடு மேயாத பக்கமாகப் பாருங்கள். பந்து விழுந்த இடத்தில் புழுதி கிளம்பும், அதுவரைதான் எண்ணவேண்டும். உருண்டு போய் நிற்கும் இடம் கணக்கில்லை, அந்தத் தரையில் அது பாட்டுக்கு ஓடும். கச்சான் காற்று மாதங்களில் வெயில் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். முழு அடி, தோள் உயரம், இடுப்பு உயரம் என்று குச்சிக்கு மூன்று எண். ஒரு அட்டையில் எழுதிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம், காற்று அடர்த்தி குறைவு. இங்கே 100 யார்டு போனது அங்கே ஐந்தாறு யார்டு கூடப் போகும். அதை அட்டையில் பென்சிலால் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மணல் தடங்களைப் படமெடுத்து அனுப்புங்கள் தம்பி. திறந்த ஃபேஸில் பத்து, சாதாரணமாகப் பத்து, பக்கத்தில் அளவுக்கு ஒரு செருப்பு. அதைப் பார்த்துவிட்டு 54 வாங்கலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.