பார்வை மங்கினால் ஒரு சிறு விவசாயியின் வருமானம் உண்மையிலேயே குறையுமா?

"ஏர் ஓட்டவும் தண்ணீர் கட்டவும் எழுத்துப் படிக்க வேண்டியதில்லையே, பிறகு கண்ணாடி எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல்லடம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் தோட்டத்தில் சின்ன வெங்காயம் போட்டுவந்த என் தகப்பனாரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தூரத்தில் மேயும் ஆட்டைப் பார்த்து, அது யார் பட்டியைச் சேர்ந்தது என்று சொல்லும் கண் அவருக்கு ஐம்பது வயதிலும் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் தெரியவில்லை. கண்ணின் வில்லை நெகிழ்வை இழப்பதால் நாற்பதை ஒட்டி ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் இந்தக் குறைக்கு வெள்ளெழுத்து என்று பெயர். பெயரிலேயே எழுத்து இருப்பதால், படிக்காதவருக்கு அது ஒரு பொருட்டில்லை என்று எண்ணிவிடுகிறோம் போலும்.

வெங்காயத்தைத் தாக்கும் இலைப்பேன் ஒரு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். தாள்களின் அடி இடுக்கில் ஒளிந்திருக்கும். அப்பா அந்தப் பூச்சியைக் கண்ணால் கண்டதே இல்லை. தாள் வெளுத்து, வெள்ளி பூசியதுபோல் ஆன பிறகுதான் மருந்துக்கடைக்குப் போவார். அதற்குள் காய் பெருக்கும் பருவத்தில் நல்ல நாட்கள் கழிந்திருக்கும். புட்டியில் அச்சிட்ட மில்லி அளவு தெரியாததால், எந்த மருந்தானாலும் டேங்குக்கு ஒரு மூடி என்பதே அவர் கணக்கு. அளவு கூடினால் காசு வீண், குறைந்தால் பூச்சி சாகாது. விதைக்காயில் அழுகலைப் பொறுக்கவும் கூலிக்கு ஆள் வைத்தார். இந்த நட்டம் எதுவும் கண்ணின் கணக்கில் எழுதப்படவில்லை. மழையின் மீதும் மருந்தின் மீதுமே பழி விழுந்தது.

சொந்தப் பண்ணையத்தில் இதை அளப்பது கடினம். எடைக்குக் கூலி தரும் வேலையில் அளந்திருக்கிறார்கள். அசாமில் நாற்பது வயதைக் கடந்த 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் நடந்து, 2018இல் வெளியான ஆய்வில், அருகில் இருப்பதைப் பார்ப்பதற்கான கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது.

அப்பாவுக்கு ஐம்பத்து நான்காம் வயதில்தான் கண்ணாடி வாங்கினோம். சந்தையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடியே வெள்ளெழுத்துக்குப் பெரும்பாலும் போதும் என்றாலும், கண்புரையும் கண்ணின் அழுத்தமும் சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பும் அதைப் போட்டால் தெரியவராது. ஆகவே ஒருமுறையேனும் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குவது நல்லது.