மகளின் 18ஆவது பிறந்தநாளுக்கு வைத்த ஷாம்பெயின்

பாரிஸில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மகள் பிறந்த வாரம் வாங்கிய ஷாம்பெயின் போத்தலை அவளுடைய 18ஆவது பிறந்தநாளில் திறக்க ஆசை. இப்போது அவளுக்கு மூன்று வயது. போத்தல் குசினி அலுமாரிக்கு மேலே நிற்கிறது. பழுதாகிவிடுமா?”

பழுதாகும். இன்றைக்கே கீழே இறக்குங்கள். அடுப்புச் சூடு போய்த் தேங்கும் இடம் அது. ஷாம்பெயின் தயாராகும் ரான்ஸ் நகரத்துச் சுண்ணாம்புக்கல் நிலவறைகளில் கோடையிலும் மாரியிலும் 10, 12 பாகைதான். உங்கள் கட்டடத்துக் காவில் (அடித்தள நிலவறையில்) சூட்டுக் குழாய் ஓடாத மூலை ஒன்று இருந்தால் போதும். அட்டைப்பெட்டியோடு வையுங்கள், வெளிச்சம் பட்ட ஷாம்பெயினில் அவித்த கோவா மணம் வரும். படுக்க வையுங்கள். பிரிட்ஜில் வருடக்கணக்கில் வைக்க வேண்டாம்.

அப்புறம், லேபிளைப் பாருங்கள். ஆண்டு அச்சிடவில்லையா? அப்படியென்றால் அது பல அறுவடைகளின் கலவை; குடிக்கத் தயாரான பிறகே கடைக்கு வருவது. அடுத்த பிறந்தநாளுக்கே திறந்துவிடுங்கள். “வைக்க வைக்கச் சுவையும் ஏறும், விலையும் ஏறும்” என்று இதே போத்தலைப் பெட்டி பெட்டியாகத் தலையில் கட்டும் தரகர்களை எனக்குத் தெரியும். நம்பி வாங்கியவர்கள் பத்து வருடம் கழித்துக் கொண்டுவந்து காட்டுவார்கள்: நுரை செத்து, நிறம் தேநீராகி, வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்த மணத்தோடு. போத்தலுக்குள் படியும் ஈஸ்ட் வண்டலை நீக்கி, கடைசித் தக்கை அடித்த தேதியை லேபிளில் போடு என்று சட்டம் கட்டாயப்படுத்தியிருந்தால் பாதி ஏமாற்று நின்றிருக்கும். சில நிறுவனங்கள் தாமாகவே போடுகின்றன. மற்றவர்களுக்கு அந்த ஒரு வரி அச்சிட என்ன கஷ்டம்?

ஒரு விதிவிலக்கு, மக்னம் என்கிற ஒன்றரை லீற்றர் போத்தல். தக்கை வழியாக நுழையும் காற்று ஏறக்குறைய அதே அளவுதான், உள்ளே வைனோ இரண்டு மடங்கு. அதனால் மெதுவாக முதிரும். ஆண்டு போடாததாக இருந்தாலும் மக்னம் கூடுதலாக இரண்டு மூன்று வருடம் தாங்கும். ஆனால் சூட்டில் நிற்கும் மக்னமும் கெடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. ஆண்டு போட்ட ஷாம்பெயின் குறைந்தது மூன்று வருடம் நிலவறையில் கிடந்த பிறகே விற்பனைக்கு வரலாம். எனவே “பிறந்த வருடத்து ஷாம்பெயின்” என்று உங்களிடம் விற்றிருந்தால் அது பொய், அதில் அந்த வருடத்துத் திராட்சை ஒன்றுகூட இல்லை. அந்த அறுவடை நல்ல நிறுவனங்களிலிருந்து இனித்தான் வரும். அவசரப்படாமல் காத்திருந்து, முடிந்தால் மக்னமாக வாங்குங்கள். அதைக் காவில் வைத்தால் 18 வயது வரை தாங்கும்.