பிரேசிலுக்கு எதற்குப் பயிற்சி முகாம்?

வணக்கம் சார்,

இந்திய அணி வெளிநாட்டுப் போட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் "முகாம் நாட்கள் போதவில்லை, முன்கூட்டியே போகவில்லை" என்று ஒரு புலம்பல் கிளம்புகிறது. 1970 கால்பந்து உலகக்கோப்பையில், மெக்சிகோவில் பிரேசில் ஆடிய ஆட்டத்தை முகாம் போட்டுச் சொல்லிக்கொடுக்க முடியுமா? பீலே மாதிரி ஆட்கள் இருந்தால் எங்கே கொண்டுபோய் இறக்கினாலும் ஜெயிப்பார்கள். திறமை இல்லாதவர்களுக்குத்தானே இந்த ஏற்பாடெல்லாம்?

— ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

1966 உலகக்கோப்பையிலும் பீலே இருந்தார். பிரேசில் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை முகாமுக்கு அழைத்து, ஊர் ஊராகக் கூட்டிப்போய், ஆடப்போகும் பதினொரு பேர் யார் என்று தெளிவில்லாமலே இங்கிலாந்துக்குப் போன அணி அது. (பீலேயை எதிரணிகள் உதைத்தே முடக்கின என்பதும் உண்மைதான்.)

1970லும் குழப்பத்துக்குக் குறைவில்லை. மார்ச் மாதம் பயிற்சியாளர் சல்தான்யாவை நீக்கிவிட்டு ஜகாலோவைக் கொண்டுவந்தார்கள். போட்டிக்கு மூன்று மாதம்கூட இல்லை. ஆனால் உடல்தகுதியைக் கவனிக்க ஷிரோல், பரேரா, ராணுவ கேப்டன் கூட்டின்யோ என்று ஒரு குழுவே இருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று அளக்கும் கூப்பர் சோதனையை பிரேசிலுக்குக் கொண்டுவந்தவர் கூட்டின்யோ. அப்போது அங்கே ராணுவ ஆட்சி. அதன் நிழல் அணியின் மேலும் விழுந்தது, அது தனிக்கதை.

மெக்சிகோ சிட்டி கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம், 2,200 மீட்டருக்கு மேல். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காகப் பல ஆட்டங்களை உச்சிவெயிலில் வைத்தார்கள். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும், அடித்த பந்தோ நினைத்ததைவிட வேகமாகப் போகும். உடம்பு பழக இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். பிரேசில் மே மாதத் தொடக்கத்திலேயே போய் குவானஹுவாத்தோ மலையூரில் தங்கிப் பயிற்சி செய்தது. பிறகு அதைவிடத் தாழ்வான குவாதலஹாராவுக்கு இறங்கி முதல் ஐந்து ஆட்டங்களை ஆடியது. மொத்தம் அடித்த 19 கோல்களில் 12 இரண்டாம் பாதியில் வந்தவை. இறுதியாட்டத்தில் இத்தாலி களைத்திருந்ததற்கு, நான்கு நாள் முன்பு ஜெர்மனியோடு 120 நிமிடம் ஆடியதும் ஒரு காரணம். சரி, இறுதியாட்டத்தின் மூன்றைக் கழித்தாலும் மற்ற ஆட்டங்களில் ஒன்பது மிஞ்சுகிறது.

இங்கிலாந்தும் சும்மா வரவில்லை. முன்பே போய் தென் அமெரிக்க மலைநகரங்களான பொகோட்டாவிலும் கீட்டோவிலும் ஆடி உயரத்துக்குப் பழகியது. கூடவே ஊரிலிருந்து சாப்பாடும் பேருந்தும் கொண்டுவந்தது! உள்ளூர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவு பார்த்தும் கோல்கீப்பர் பேங்ஸ் வயிறு கெட்டுப் படுத்துவிட்டார். அவர் இல்லாமல் காலிறுதியில் 2-0 என்று முன்னிலையில் இருந்து 3-2 என்று தோற்றது. ஏற்பாடு செய்தால் கோப்பை நிச்சயம் என்று நான் சொல்ல வரவில்லை.

நீங்கள் சொல்லும் அந்த அழகுக்கு எல்லாரும் காட்டுவது இறுதியாட்டத்தின் 86ஆவது நிமிட கோலை. பிரேசிலின் க்ளோடோஆல்டோ தன் பாதியிலேயே நான்கு பேரை ஏமாற்றியது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, அதில் உங்களோடு சண்டையில்லை. அப்புறம் நடந்ததைப் பாருங்கள். இத்தாலியர்கள் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு காப்பார்கள் என்று ஜகாலோவுக்குத் தெரியும். வலது ஓர ஆட்டக்காரரான ஜைர்சின்யோ இடப்பக்கம் போனால் அவரைக் காக்கும் இத்தாலியின் ஃபக்கெட்டியும் பின்னாலேயே போவார், வலது ஓரம் காலியாகும், அங்கே பிரேசிலின் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் கார்லோஸ் அல்பெர்ட்டோ ஏறிவர வேண்டும் என்பது முன்பே பேசிவைத்தது. பீலே நிதானமாக வலப்பக்கம் உருட்டிவிட்ட பந்து காலி இடத்துக்குப் போவதுபோலத்தான் தெரியும். அல்பெர்ட்டோ பின்னாலிருந்து ஓடிவந்து அடித்தார்.