மூன்றாவது செஷனில் வழுக்கும் 86: டயரை மாற்றலாமா?

வாசகர் ஒருவர் முதல் தலைமுறை டொயோட்டா 86 வைத்திருக்கிறார். 17 இஞ்ச் வீல், 215/45 சம்மர் டயர். வருடத்துக்கு ஐந்தாறு டிராக் நாள் (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் செஷன் செஷனாக ஓட்டும் நாள்), அதே டயரில் ஓட்டிப்போய் அதே டயரில் வீடு திரும்புகிறார். முதல் செஷன் நன்றாகப் போகிறது, மூன்றாவதில் சோப்பு தடவியது போல வழுக்குகிறது, முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் சீவியெடுத்த மாதிரி ஆகிவிட்டது என்கிறார். ஒரு நண்பர் டோயோ ஆர்888ஆர் போடச் சொல்கிறாராம், இன்னொருவர் யோகோஹாமா ஏ052 என்கிறாராம். எதை வாங்குவது என்பது கேள்வி.

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். அடுத்த செட் வாங்கும்போது 200 டிரெட்வேர் (டயரின் தேய்மான எண், கீழே சொல்கிறேன்) வகையில் சூட்டைத் தாங்கி நிற்கிற டயராகப் பார்த்து வாங்குங்கள், என் தேர்வு ஹான்கூக் வென்டஸ் ஆர்எஸ்4. ஆனால் அதற்கு முன்னால் இப்போதிருக்கும் டயரிலேயே சரிசெய்ய வேண்டியது இரண்டு இருக்கிறது. அதை விட்டுவிட்டு எந்த டயர் போட்டாலும் அதே வெளி ஓரம்தான் முதலில் போகும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: "கதவு ஓரத்தில் எழுதியிருக்கிற 35தான் வைக்கிறேன்." பிரச்சினையின் பாதி அங்கேதான் இருக்கிறது. அந்த 35 பிஎஸ்ஐ சாலைக்கான அளவு, குளிர்ந்த டயரில் பார்ப்பது. டிராக்கில் நாலைந்து லேப் அழுத்தி ஓட்டினால் டயருக்குள் இருக்கும் காற்று நன்றாகவே சூடாகிவிடும். சுமார் 5, 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் 1 பிஎஸ்ஐ ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 35-ல் கிளம்பிய டயர் 42, 43-க்குப் போவதில் ஆச்சரியமே இல்லை. அந்த அழுத்தத்தில் டிரெட்டின் (தரையைத் தொடும் ரப்பர் பட்டை) நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும், தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், இருக்கிற கொஞ்சம் ரப்பரே எல்லா வேலையையும் செய்து இன்னும் சூடாகும். மூன்றாவது செஷனில் நீங்கள் உணர்கிற சோப்பு வழுக்கல் இதுதான்.

அதனால் குளிர்ந்த டயரில் எவ்வளவு என்பதை விடுங்கள், சூடான டயரில் எவ்வளவு என்பதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். உங்கள் காருக்குச் சூட்டில் 34 முதல் 36 வரை என்று தொடங்குங்கள், அதற்குக் காலையில் 28, 29-ல் கிளம்ப வேண்டியிருக்கும். செஷன் முடிந்து உள்ளே வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கியரில் நிறுத்துங்கள் (கொதிக்கிற பிரேக்கை இறுக்கிப் பிடித்து வைப்பது நல்லதல்ல), ஒரு நிமிடத்துக்குள் கேஜோடு நான்கு சக்கரத்தையும் பாருங்கள். அதிகமாக இருப்பதை அங்கேயே இறக்கிவிடுங்கள். ஒரு பக்கமாகவே அதிகம் திரும்புகிற டிராக்கில் இடது வலது சமமாக ஏறாது, அதனால் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மாலையில் வீட்டுக்குக் கிளம்புமுன் டயர் ஆறியதும் மறுபடி 35-க்கு ஏற்ற மறக்காதீர்கள். நாள் முழுக்க இறக்கிக்கொண்டே வந்த டயர், ஆறியபின் 27-க்குக் கீழே கூட நிற்கலாம். அதோடு நெடுஞ்சாலையில் போவது ஆபத்து.

இரண்டாவது விஷயம் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் கோணம். 86-ன் முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாய்ந்துவிடும், அதைத் தடுக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) தொழிற்சாலை அமைப்பில் ஏறக்குறைய பூஜ்யம். அந்த நேரத்தில் டயர் டிரெட்டில் நிற்பதில்லை, தோளில், அதாவது டிரெட்டும் பக்கச் சுவரும் சேரும் ஓரத்தில் நிற்கிறது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். செஷனுக்கு முன் டிரெட் ஓரத்திலிருந்து சைடுவால் (பக்கச் சுவர்) வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், திரும்பி வந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். பல டயர்களில் அந்த இடத்தில் சின்னதாக ஒரு முக்கோணக் குறி இருக்கும். தேய்மானம் அதன் முனை வரை வந்து நின்றால் நல்லது. அதைத் தாண்டிச் சைடுவாலின் எழுத்துகளை நோக்கி இறங்கியிருந்தால், ஒன்று அழுத்தம் குறைவு, இல்லையென்றால் கேம்பர் குறைவு. உங்கள் விஷயத்தில் அழுத்தம் குறைவாக இருக்க வாய்ப்பே இல்லை, ஆக கேம்பர்தான்.

அந்தக் கோணத்தைக் கூட்ட, கேம்பர் போல்ட் போட்டால் ஓரளவு கிடைக்கும், ஸ்ட்ரட்டுக்கு மேலே கேம்பர் பிளேட் போட்டால் தாராளமாகக் கிடைக்கும். முன்பக்கம் மைனஸ் 2-லிருந்து 2.5 டிகிரி வரை வைத்து, டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யமாக விட்டால் சாலையிலும் டயர் ஒன்றும் கெட்டுப்போகாது. உள் ஓரத்தைச் சாப்பிடுவது பெரும்பாலும் டோதான், பழி மட்டும் கேம்பர் மேல் விழுகிறது.

சரி, இப்போது டயருக்கு வருவோம். சைடுவாலில் இருக்கும் டிரெட்வேர் எண்ணைப் பிடிப்பின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அது அமெரிக்கத் தர முறையில் வருகிற தேய்மான எண். சாதாரணப் பொதுச்சாலையில், வரிசையாகக் கார்களை 11,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, 100 என்று வைத்த ஒரு ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டு, கடைசியில் எண்ணைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. டிராக்குக்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் 200 என்று ஒரே எண் போட்ட இரண்டு டயர்கள் இரண்டு வேறு பிராணிகள் மாதிரி நடந்துகொள்கின்றன.

ஏ052-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் 200, ஆர்எஸ்4-ம் 200. ஏ052 அரை லேப்பிலேயே சூடாகிப் பிடித்துக்கொள்ளும், முதல் இரண்டு மூன்று லேப்பில் அதை அடிக்க அந்த வகையில் ஆள் குறைவு. ஒரே ஒரு வேக லேப் வேண்டும், கூம்புகளுக்கு நடுவே ஒரு நிமிட ஓட்டம் என்றால் அற்புதமான டயர். ஆனால் இருபது நிமிடம் விடாமல் ஓட்டினால் சூடு தாங்காமல் குழைந்துவிடும், சீக்கிரம் தேயவும் செய்யும். ஆர்எஸ்4 நேர்மாறு: முதல் லேப் கொஞ்சம் மரக்கட்டையாக இருக்கும், பொறுமையாகச் சூடேற்ற வேண்டும், அப்புறம் செஷன் முடியும்வரை ஒரே மாதிரி நிற்கும். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் இந்த இரண்டில் ஏ052 பக்கம் சாய்ந்தது. நீங்கள் ஒரு நாளில் ஐந்து செஷன் ஓட்டிப் பழகுகிறவர், உங்களுக்கு வேண்டியது ஒரே மாதிரி நிற்கிற டயர். காலையில் ஒரு இடத்தில் பிரேக் பிடித்து, மதியம் அதே இடத்தில் பிடித்தால் கார் வேறு மாதிரி போகிறது என்றால், தப்பு உங்களுடையதா டயருடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஆர்888ஆர் எண் 100, நான்காங் ஏஆர்-1 எண் 80. இவை சாலையில் ஓட்ட அனுமதியுள்ள அரை ஸ்லிக், அதாவது தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவான, பந்தய டயருக்கு நெருக்கமான வகை. காய்ந்த டிராக்கில் இவற்றின் பிடிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அதே டயரில் வீட்டுக்குப் போகிறவர். பாதி தேய்ந்த அரை ஸ்லிக்கில் ஒருமுறை டிராக்கிலிருந்து திரும்பும்போது பெருமழையில் மாட்டிக்கொண்டேன். மணிக்கு 70 கிலோமீட்டர்தான் இருக்கும். சாலையின் பள்ளமான தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது, ஸ்டீயரிங் திடீரென்று கையில் எடையே இல்லாமல் லேசானது, கார் ஒரு ஆள் நீளம் பக்கவாட்டில் நகர்ந்தது. நான் எதுவும் செய்யவில்லை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தேன், அவ்வளவுதான். பக்கத்துத் தடத்தில் யாரும் இல்லாததால் தப்பித்தேன். அன்றிலிருந்து அந்த வகை டயரைத் தனி வீலில் போட்டு, டிராக்கில் வைத்து மாற்றத்தான் சொல்கிறேன், அதற்கு வசதியில்லை என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண ஸ்போர்ட்ஸ் டயர் எல்லையை நெருங்கும்போது முனகும், பிறகு கத்தும், பிறகு மெதுவாக நழுவும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட்டக் கற்றுக்கொள்கிறோம். அரை ஸ்லிக் பெரும்பாலும் அவ்வளவு பேசாது, விடும்போது சட்டென்று விடும், அதுவும் கூடுதல் வேகத்தில் விடும். உங்கள் 86 முதலில் வந்தபோதே 215 அகலத்தில் மிஷலின் பிரைமசி என்ற சாதாரண டயரோடுதான் வந்தது, குறைந்த வேகத்திலேயே கார் சறுக்குவதை ஓட்டுநர் உணரட்டும் என்று யோசித்துச் செய்தது அது.

பிடிப்பு கூடினால் காரின் மற்ற பாகங்கள் மேல் சுமை கூடும், முக்கியமாக பிரேக். டயருக்கு ஒதுக்கிய காசில் கொஞ்சம் எடுத்து, கொதிநிலை அதிகமான பிரேக் ஃப்ளூயிடும் டிராக் பேடும் முதலில் போடுங்கள். பெடல் தரை வரை போகும்போது எந்த டயரும் உதவாது.

அகலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 7 இஞ்ச் ரிம்மில் 215-ஏ இருக்கட்டும், அதிகபட்சம் 225.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். சைடுவாலில் நான்கு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024-ம் வருடத்தின் 23-வது வாரம். பந்தயக்காரர்கள் கழித்துவிட்ட டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று போகாதீர்கள். டிரெட் ஆழமாகத்தான் இருக்கும், ஆனால் பலமுறை சூடாகி ஆறிய ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தை அழுத்திப் பார்த்தால் புது டயரில் லேசாகப் பதியும், அதில் வழுக்கிக்கொண்டு போகும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான்: இடது வலது முன் டயர்களை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட முடிகிற வகையா என்று பாருங்கள், முடிந்தால் தேய்ந்த ஓரம் உள்ளே போகும், இன்னும் ஒரு டிராக் நாள் கிடைக்கும். ஆனால் தோளில் நூல் தெரிந்தால் அந்த டயரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்த ஒரு நாளில் 28-ல் கிளம்பி, ஒவ்வொரு செஷனுக்கும் பிறகு நான்கு டயரின் அழுத்தத்தையும் சாக்பீஸ் கோட்டின் படத்தையும் எடுத்து அனுப்புங்கள். கேம்பர் போல்ட் போதுமா, பிளேட் வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.